நாற்பது கிலோபைட் வானம்

1985-இல் நின்டென்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீடியோ விளையாட்டு மொத்தமே 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம்தான். வெள்ளையென்றால் மேகம், பச்சையென்றால் புதர். இதை வெறும் சிக்கனம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் கட்டத்தையே பாருங்கள், விளக்கக் குறிப்பு எதுவும் கிடையாது. மாரியோ இடப்பக்கம் நிற்க, வலப்பக்கம் வெட்டவெளி. கை தானாக அவனை அந்தப் பக்கம் நகர்த்துகிறது. எதிரே வரும் கூம்பா என்னும் எதிரி குதிக்கக் கற்றுத்தருகிறது. கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வரும் காளான், குழாயில் மோதித் திரும்புகிறது. பயந்து குதித்தாலும் மேலேயுள்ள செங்கல் தலையில் இடித்து, பெரும்பாலும் அந்தக் காளான்மேலேயே விழவைக்கிறது. காளான் நல்லது என்பது அப்படித்தான் தெரியவருகிறது.

நினைவகம் போதாமல் செய்ததுதானே, இதில் கலை எங்கே என்று கேட்கலாம். அதே நின்டென்டோ கருவிக்கு, அதே நெருக்கடியில் வந்த எத்தனையோ விளையாட்டுகளை இன்று நினைப்பார் இல்லை. நெருக்கடி எல்லோருக்கும் பொது. இதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ குழுவினரின் தேர்வுகள் அப்படியல்ல. அதற்காக எல்லாவற்றையும் மெச்சவும் வேண்டாம். ஐந்தாம் உலகின் மூன்றாம் கட்டமான 5-3, முதல் உலகின் 1-3-இன் மறுபதிப்பு. குறுக்கே குண்டுகள் பறப்பதால் மட்டும் அது புதிதாகிவிடாது.