நீளும் வாசிப்பும் பிரியும் ரசனையும்

கிரேட்ஃபுல் டெட் என்னும் கலிஃபோர்னிய ராக் குழு 1968-இல் தனித்தட்டாக வெளியிட்டபோது 3 நிமிடத்துக்கும் குறைவாக இருந்த ‘டார்க் ஸ்டார்’ பாடல், 1969-இல் வெளிவந்த ‘லைவ்/டெட்’ என்னும் மேடைப்பதிவுத் தொகுப்பில் ஏறத்தாழ 23 நிமிடங்களுக்கு நீண்டு, ராக் ரசிகர்களை இன்றுவரை இரு தரப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘ஜாம்’ எனப்படும் இத்தகைய வாசிப்பு, முன்கூட்டி எழுதப்படாமல், கலைஞர்கள் ஒருவரையொருவர் செவிமடுத்தபடி மேடையிலேயே இசையை உருவாக்கிச் செல்லும் முறையாகும். பாடலின் கட்டுக்கோப்பை விரும்புவோர் இதனைத் திசையற்ற அலைச்சல் என ஒதுக்குவர். அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று, ஏனெனில் மந்தமான இரவுகளில் இக்குழுவும் அலைந்ததுண்டு. ஆயினும் ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் ஒரு சிறு இசைத்துணுக்கைத் தொடங்க, ஃபில் லெஷ் தம் பேஸ் கிட்டாரைத் தாளத்தின் காவலாக நிறுத்திவிடாமல் எதிர்மெட்டாக, அதாவது முதல் மெட்டோடு உரையாடும் இரண்டாம் மெட்டாக, நகர்த்துவதைக் கூர்ந்து கேட்பவருக்கு, அந்நீளம் அவ்வுரையாடலுக்கு வேண்டிய அவகாசமாகவே தோன்றும். ஆர்வலர்களோ (சலிப்பூட்டும் பிடிவாதம் இவர்களுக்கும் உண்டு) ஒரே பாடல் வெவ்வேறு இரவுகளில் கொண்ட வடிவங்களை ஒலிநாடாக்களில் பதிந்து ஒப்பிட்டு வாதிட்டனர். 1984-இல் குழுவே அவ்வாறு பதிவோருக்கென அரங்கில் தனியிடம் ஒதுக்கத் தொடங்கியது.