நீர்வழிக் குளிர்விப்பான்: விளம்பரமும் விஞ்ஞானமும்

அவசரமாகப் பாலை ஆற்ற வேண்டுமானால் வீட்டில் என்ன செய்கிறோம்? டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிறோம். பால் விரைவில் ஆறுகிறது. ஆனால் சற்று நேரத்தில் கிண்ணத்து நீரும் சூடேறுகிறது. நீரை மாற்றாவிட்டால் பால் அதற்கு மேல் எளிதில் ஆறுவதில்லை. கணிப்பொறிக் கடைகளில் பெருமையுடன் விற்கப்படும் நீர்வழிக் குளிர்விப்பானை எடைபோட இந்த அனுபவமே போதும்.

இக்கருவியின் அமைப்பு எளியது. கணிப்பொறியின் மூளையாகிய பிராசசரின் மீது ஒரு செப்புத் தகடு அமர்கிறது. தகட்டின் சூட்டை நீர் ஏற்றுக்கொள்கிறது. சிறிய பம்பு ஒன்று அந்நீரைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறிகள் காற்றை வீசி அதை ஆற்றுகின்றன. ஆறிய நீர் மீண்டும் தகட்டுக்கே திரும்புகிறது. ஆக, நீர் வெப்பத்தைச் சுமக்கும் கூலியாள் மட்டுமே. இறுதியில் அதை வாங்கிக்கொள்வது காற்றுதான். அறையின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் என்றால், வேலை செய்யும் பிராசசர் அதற்குக் கீழே குளிராது. நீர் என்றதும் குளிர்பதனப் பெட்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது.

நீரின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஒரே கன அளவுள்ள காற்றைவிட அது 3,000 மடங்குக்கும் மேல் வெப்பம் ஏற்கும். நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடுவதாகக் கொள்வோம். 250 வாட் வெப்பத்தைச் சுமந்தாலும், தகட்டைக் கடக்கும் நீரின் சூடு சுமார் மூன்றரை டிகிரிதான் உயரும். எனவே இடர்ப்பாடு நீரோட்டத்தில் அன்று. பெரும்பாலும் ரேடியேட்டரில்தான் உள்ளது. பம்பின் வேகத்தைப் பறைசாற்றும் விளம்பரங்கள் நம் கவனத்தைத் திசைதிருப்புகின்றன. நாம் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் பரப்பு. 240 மி.மீ. ரேடியேட்டரில் 120 மி.மீ. விசிறிகள் இரண்டு பொருந்தும், 280 மி.மீ. வகையில் 140 மி.மீ. விசிறிகள் இரண்டு. நீளத்தில் 40 மி.மீ.தான் கூடுதல், ஆனால் விசிறிகள் மூடும் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடுகிறது!

சோதனை முடிவுகளைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. கருவியில் 300 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 250 வாட் வெப்பம் ஒரு நிமிடம் முழுவதும் அதிலேயே தங்கினாலும் 12 டிகிரிதான் ஏறும். அதாவது, தொடக்க நிமிடங்களில் எந்த நீர்க் கருவியும் சிறந்ததாகவே தோன்றும். அரை மணி நேரம் ஓடி, வெப்பநிலை நிலைபெற்ற பின் எடுத்த அளவே நம்பத்தக்கது. அப்போதைய அறை வெப்பநிலையைக் கூறாத சோதனை பாதிச் சோதனையே.

காற்றுவழிக் குளிர்விப்பானையும் குறைவாக மதிப்பிடலாகாது. அதன் வெப்பக் குழாய்களுக்குள் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. அங்கே பம்பு இல்லை. பழுதாகக்கூடியது விசிறி, அதைக் குறைந்த செலவில் மாற்றலாம். நீர்க் கருவியிலோ பம்பு நின்றால் எல்லாமே நின்றது. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கணிப்பொறி தானாக அணைந்தும் போகலாம். குழாய்ச் சுவர்களின் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைகிறது. பெரும்பாலான கருவிகளில் அதை மீண்டும் நிரப்ப இயலாது.

அப்படியானால் யாருக்கு எது? 2022இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசசர் உச்ச வேலையில் 253 வாட் வரை கொள்ளும். அதை மணிக்கணக்கில் உழைக்க வைப்போருக்கு 280 அல்லது 360 மி.மீ. நீர்க் கருவி தகும். அவர்களும் கணிப்பொறிப் பெட்டியில் அதற்கு இடமிருக்கிறதா என அளந்து பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் அமையுமாறு பொருத்த வேண்டும். இல்லையேல் காற்றுக் குமிழ்கள் பம்பில் தேங்கும். மாறாக, 2023இல் வந்த ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசசரின் வெப்ப அளவீடு 65 வாட்தான். காற்றுக் குளிர்விப்பான் ஒன்று அதன் பெட்டியிலேயே வருகிறது. பெற்றோர் சேமித்துத் தந்த பணத்தில் இத்தகைய கணிப்பொறி வாங்கும் மாணவர், நீர்க் கருவிக்கான தொகையைக் கூடுதல் நினைவகத்துக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

கடைக்காரரிடம் ‘எது மிகக் குளிர்ச்சி?’ என்று கேட்க வேண்டாம். ‘என் பிராசசர் எத்தனை வாட்?’ என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.