ஐந்து நாளைக்கு 590 ரூபாய்

கணியம்பாடிக்காரத் தம்பி ஒருவன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஆர்டர் தள்ளிப்போனதில் ஒரு மாதம் சம்பளம் லேட். கிரெடிட் கார்டு பாக்கி 2,100 ரூபாயை ஐந்து நாள் கழித்துக் கட்டினான். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் லேட் ஃபீ 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90. வட்டி தனி!

''நீங்க பி.காம். ஆச்சேண்ணா, இது இன்னா கணக்கு?'' என்றான்.

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். இதே 2,100-ஐ நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வெளியே வாங்கியிருந்தால் மாசத்துக்கு 210 ரூபாய். அப்படிக் கொடுத்தவரை 2003-ல் வந்த தமிழ்நாட்டுக் கந்து வட்டித் தடைச் சட்டப்படி மூன்று வருஷம் வரை உள்ளே வைக்கலாம். பேங்க்கை? ஊஹூம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984 முதல் 21ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. வட்டி ஜாஸ்தி என்ற காரணத்துக்காக பேங்க் கடனை எந்தக் கோர்ட்டும் கிளறக் கூடாது என்கிறது அது.

ஒரே ஒரு முறை கிளறினார்கள். 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறைகேடான வணிகம் என்றது. ஒரு தவணை தவறினால் அபராத வட்டி ஒரு தடவைதான், அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்றும் சொன்னது. பேங்க்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடின. 2009-ல் தடை. பதினைந்து வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20-ல் அந்த உத்தரவே ரத்து. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை, வட்டி விவகாரம் ரிசர்வ் பேங்க்கின் வேலை என்பது தீர்ப்பு.

சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் விவரம் தெரிந்துதான் வாடிக்கையாளர் கார்டு வாங்குகிறார் என்றும் ஒரு வாதம் அதில் வருகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. எறும்பு சைஸ் எழுத்தில் வரும் நிபந்தனைகளை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் உங்களில் எத்தனை பேர்? பி.காம். படித்த நானே போட்டதில்லை.

சரி, ரிசர்வ் பேங்க் என்ன செய்தது? 2022-ல் நல்ல விதிகள் சில போட்டது. கெடு தாண்டி மூன்று நாள் வரை லேட் ஃபீ கூடாது. மொத்த பில்லுக்கு இல்லாமல், கட்டாமல் நிற்கும் பாக்கிக்கு மட்டுமே போட வேண்டும். கட்டாத கட்டணத்தின் மேல் வட்டி ஏறக் கூடாது. எல்லாம் சரி, 'இத்தனை ரூபாய்க்கு மேல் கூடாது' என்ற ஒரு வரிதான் இல்லை!

முடியாத காரியமா? பிரிட்டனில் 2006-லேயே நியாய வர்த்தக அலுவலகம், 12 பவுண்டுக்கு மேல் லேட் ஃபீ போட்டால் அநியாயமாகவே கருதுவோம் என்றது. கம்பெனிகள் இறங்கி வந்தன. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் பைடன் அரசு, பெரிய கம்பெனிகளுக்கு 8 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. வங்கிச் சங்கங்கள் டெக்சாஸ் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. ட்ரம்ப் வந்த பிறகு, 2025 ஏப்ரலில், விதியைப் போட்ட அமைப்பே வங்கிகளோடு சேர்ந்து நின்று அதை ரத்து செய்யச் சொன்னது! தோற்றார்கள்தான். ஆனாலும் அங்கே அது அரசியல் சண்டை.

பேங்க்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஈடு இல்லாத கடன். அபராதம் இல்லாவிட்டால் யார் நேரத்துக்குக் கட்டுவார்? ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பயமுறுத்த ஓர் அளவு போதும். ஐந்து நாள் தாமதத்தால் பேங்க்குக்கு 500 ரூபாய் நஷ்டமா? வட்டிதான் தனியாக ஓடுகிறதே!

நம் ஊரில் பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் தேர்தல் அறிக்கையில் இடம் உண்டு. லேட் ஃபீக்கு ஓர் உச்சவரம்பு என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. கார்டுக்காரன் வெட்கப்பட்டு, வெளியே சொல்லாமல் கட்டிவிடுகிறான். சத்தம் போடாதவனுக்காக யார் சண்டை போடுவார்?

தம்பியும் 590-ஐக் கட்டிவிட்டான். ''வீட்ல சொல்லிடாதீங்கண்ணா'' என்றான். பேங்க்குகளுக்கு 21ஏ ஒரு காவல் என்றால், இந்த வெட்கம் இன்னொரு காவல்.