இப்னு பதூதாவின் ஷிராஸும் மதுரையும்

பாரசீகத்தின் ஷிராஸ் நகரையும் தமிழகத்தின் மதுரையையும் நேரில் பார்த்து, இரண்டைப் பற்றியும் ஒரே நூலில் சொன்னவர் இப்னு பதூதா. அந்த இரு பகுதிகளையும் சேர்த்து வாசித்தால், ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பவரின் கண்ணுக்கு எது படுகிறது, எது படாமல் போகிறது என்பது புரியும்.

நூலின் தன்மை

இப்னு பதூதா 1304-ல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தார். மக்கா யாத்திரைக்காக 1325-ல் புறப்பட்டவர், பல நாடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். மொராக்கோ மன்னரின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார். நூல் 1355-ல் முடிந்தது. ஆகவே இது நாட்குறிப்பு அல்ல, முதிர்ந்த பயணி ஒருவரின் நினைவுத் தொகுப்பு. சிரியா, அரேபியா வர்ணனைகள் சில, முந்தைய பயணியான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டவை.

ஷிராஸ் பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அவர் அங்கு 1327-லும் 1347-லும் சென்றார். இரண்டு பயணங்களும் ஒரே அத்தியாயத்தில் கலந்துவிட்டன. முதல் பயணத்தின் விவரமாக வாசிக்கப்படும் இடத்தில், 1343-ல் ஆட்சிக்கு வந்த அபூ இஸ்ஹாக் மன்னராக வருகிறார். ஆண்டுக் கணக்கை இந்த நூலை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது.

ஷிராஸ்: மனிதர்கள் நிறைந்த நகரம்

கடைவீதி, தோட்டம், நீரோடை, மக்களின் தோற்றம் ஆகியவற்றில் டமாஸ்கஸுக்கு அருகில் வரக்கூடிய கிழக்கு நகரம் ஷிராஸ் ஒன்றுதான் என்கிறார். இத்தகைய புகழுரை பழைய பயண நூல்களில் வழக்கமானது. அடுத்து வருபவைதான் அரியவை. திங்கள், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களில் ஆயிரம், இரண்டாயிரம் பெண்கள் பெரிய பள்ளிவாசலில் கூடி உரை கேட்கிறார்கள். வெக்கை தாங்காமல் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விசிறி இருக்கிறது.

கவிஞர் சாதியின் அடக்கத்தலத்தில் துணி துவைப்பதற்கென்றே கவிஞர் அமைத்த சிறு பளிங்குத் தொட்டிகள் இருந்தன. நகரத்தார் அங்கே சென்று வணங்கி, சாப்பிட்டு, துணி துவைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அமராவதிக் கரையில் உள்ள கொமரலிங்கம் போன்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமி கும்பிடுவதும் துவைப்பதும் ஒரே நடையில் முடிகிற வேலைகள்.

மூன்றாவது காட்சி கவனமாக வாசிக்க வேண்டியது. பழைய பாரசீகப் பேரரசர்களின் மண்டபத்துக்கு இணையாக ஒரு கட்டடம் எழுப்ப அபூ இஸ்ஹாக் விரும்பினார். நகரத்தின் தொழிற்குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு அஸ்திவாரம் தோண்டின. மண் சுமக்கும் தோல் கூடைகளைப் பட்டால் மூடினார்கள், இடுப்பில் பட்டுத்துணி கட்டினார்கள், சிலர் வெள்ளியில் மண்வெட்டி செய்தார்கள். மன்னர் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்திவாரம் முடிந்த பிறகே கூலியாட்கள் அமர்த்தப்பட்டனர்.

பட்டுக் கூடையில் மண் சுமந்தது பெருமையினாலா, கட்டாயத்தினாலா? இப்னு பதூதா கேட்கவில்லை. பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர் வட்டாரத்து வாசகர் கேட்காமல் இருக்க மாட்டார். ஆனாலும், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான தகவலை நமக்குக் கொடுத்தவர் அவரே.

இன்று ஷிராஸ் செல்பவர்கள் தேடிப்போவது வேறு இடங்களை. காலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியே விழும் நசீருல் முல்க் பள்ளிவாசல் 1888-ல் முடிந்தது. கரீம் கான் கோட்டை 18-ஆம் நூற்றாண்டுக்கும், ஹாபிஸ், சாதி நினைவு மண்டபங்களின் இன்றைய வடிவம் 20-ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை. இவை எதையும் இப்னு பதூதா பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்த விசிறியும் துவைக்கும் தொட்டியும் இன்றைய சுற்றுலாப் படங்களில் இடம்பெறுவதில்லை.

மதுரை: அரண்மனை வழியே பார்த்த நகரம்

1340-களில் இலங்கையிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரைக்கு வந்தார். மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை அவர் டெல்லியில் மணந்திருந்தார். அப்போது ஆண்ட கியாசுத்தீன் தாம்கானியும் அதே வீட்டு மருமகன். இருவரும் சேர்ந்து மாலத்தீவின் மீது படையெடுக்கத் திட்டமிட்டார்கள்.

அகன்ற தெருக்கள் கொண்ட பெரிய நகரம் என்று மதுரையைச் சொல்லும் அவர், அதைத் தன் மாமனார் டெல்லியைப் போல அமைத்ததாக எழுதுகிறார். பாண்டியர் தலைநகராக நெடுங்காலம் வாழ்ந்த ஊரின் பழமை அவர் கண்ணில் படவே இல்லை. ஷிராஸில் டமாஸ்கஸைக் கண்டவர் இங்கே டெல்லியைக் கண்டார். இந்த ஊரின் மக்கள் அவர் பக்கங்களில் பெரும்பாலும் போர்க் கைதிகளாகவும் கொள்ளைநோயில் மடிபவர்களாகவுமே வருகிறார்கள்.

ஒன்றை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். கைதிகளான பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதை அவர் மறைக்கவில்லை. வேறு எந்த மன்னரிடமும் காணாத இழிசெயல் என்று தன் சகலையையே கண்டித்தார். அந்தக் கொடுமைக்கு அவருடைய சாட்சியம் இன்றும் முக்கியமானது.

மதிப்பீடு

ஷிராஸில் அவருக்கு மார்க்கம் தெரியும். முதல் பயணத்தில் தங்கியது ஒரு நீதிபதியின் மதரசாவில் உள்ள சிறு அறையில். மதுரையில் தமிழ் தெரியாது. தங்கியது ஆள்பவரின் உறவினராக. பார்த்தது ஒரே ஆள்தான், இடம்தான் மாறியது. கொமரலிங்கத்துக்கு வரும் வெளியூர்க்காரர் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் ஊரும், ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து பார்க்கும் ஊரும் ஒன்றாக இருக்காது.

பயண நூலை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும் மாணவர்கள், அவர் என்ன பார்த்தார் என்பதற்கு முன் யார் வீட்டில் தங்கினார் என்று கேட்க வேண்டும். அப்படி வாசித்தால் ஷிராஸ் பகுதி ஒரு நகரத்தின் அன்றாட வாழ்க்கைக்குச் சான்றாகும். மதுரைப் பகுதி ஓர் அரசவையின் இயல்புக்குச் சான்றாகும். மதுரையின் வாழ்க்கைக்கு வேறு சான்றுகளைத்தான் தேட வேண்டும்.