தவ்பாவின் வாசலும் மேடையின் வாசலும்

நம் மேடைகளில் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. உலகமே அஞ்சிய குத்துச்சண்டை வீரர் ஒருவர் சிறை சென்றார். சிறையில் இஸ்லாத்தைத் தழுவினார். வெளிவந்த அன்றே பள்ளிவாசல் சென்று தொழுதார். மீண்டும் சாம்பியன் பட்டத்தை வென்றார் என்பது அக்கதை. கேட்போர் உள்ளம் குளிர்கிறது, தக்பீர் முழங்குகிறது. ஆனால் அவர் எதற்காகச் சிறை சென்றார் என்பதைச் சொல்பவர் மிகச் சிலர். சொல்ல நேர்ந்தாலும் ‘ஏதோ ஒரு வழக்கில்’ என்னும் மூன்று சொற்களில் அதனைக் கடந்து விடுகின்றனர். அந்த மூன்று சொற்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஆட்டக்காரருக்கு மறுவாய்ப்பு அளிக்கலாமா என்னும் வினா பல நாடுகளில் எழுந்து வருகிறது. ‘தண்டனை முடிந்தது, கணக்கும் முடிந்தது’ என்பார் ஒரு சாரார். ‘கறைபட்டவர் என்றும் கறைபட்டவரே’ என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நம் மார்க்கம் கற்பித்த விடைகள் அல்ல என்பது என் கருத்து.

முதலில் நடந்ததைக் கூறுவோம். 1991 ஜூலையில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தியைப் பலவந்தப்படுத்தினார் என்பது மைக் டைசன் மீதிருந்த வழக்கு. 1992 பிப்ரவரியில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனக் கண்டது. பத்தாண்டுத் தண்டனையில் நான்காண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டு, ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தது ஏறத்தாழ மூன்றாண்டுகள். 1995 மார்ச் 25ஆம் நாள் விடுதலையானதும் அருகிலிருந்த பிளெயின்ஃபீல்டு பள்ளிவாசலுக்குச் சென்றார். அங்கே முஹம்மது அலீயும் இருந்தார். இதுவரை கதை நம் மேடைகளில் சொல்லப்படுவதுதான். அடுத்ததையும் சொல்ல வேண்டும். ஐந்து மாதங்கள் நிறைவதற்குள் அவர் லாஸ் வேகஸ் நகரில் மேடை ஏறினார். 89 விநாடிகளில் முடிந்த அப்போட்டிக்கு அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட தொகை இரண்டரைக் கோடி டாலர். இத்தனை பேச்சிலும் அந்தப் பெண்ணின் ஹக்கு என்னவாயிற்று என்று நம்மவர் எவரும் கேட்டு நான் அறியேன்.

‘இஸ்லாம் முன்செய்த பாவங்களை அழித்துவிடும் அன்றோ? அவர் கலிமாச் சொன்ன பின் பழையதைக் கிளறலாமா?’ என்று அன்பர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு விடை புகாரி ஷரீஃபில், ஹுதைபிய்யா உடன்படிக்கையைக் கூறும் நீண்ட ஹதீதினுள் இருக்கிறது. முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் சிலருடன் பயணம் சென்று, அவர்களைக் கொன்று, அவர்களின் பொருளை எடுத்துக் கொண்டு மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய இஸ்லாத்தை ஏற்றுக் கொண்டார்கள். ஆனால் அந்தப் பொருளில் தமக்கு எவ்விதப் பங்கும் இல்லை எனக் கூறி விலகிக் கொண்டார்கள். வந்தவரைத் தள்ளவும் இல்லை. அவர் கொண்டு வந்ததைத் தொடவும் இல்லை. ஒருவருடைய ஈமானை ஏற்றுக் கொள்வது ஒன்று; அவர் கையிலிருக்கும் பிறர் உரிமையையும் சேர்த்து ஏற்றுக் கொள்வது வேறொன்று. நம் மேடைகளோ இவ்விரண்டையும் ஒன்றாக்கி விட்டன.

தவ்பாவின் நிபந்தனைகளை மத்ரஸாவின் இளம் மாணவரும் அறிவர். பாவத்தை விடுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ளவை. பாவம் மற்றொரு மனிதரைச் சார்ந்ததாயின் நான்காவது ஒன்று சேர்கிறது. அவருடைய உரிமையை மீட்டுத் தர வேண்டும், அல்லது அவரிடமிருந்தே விடுதலை பெற வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனின் தொடக்கத்திலேயே இதனைத் தெளிவுறுத்தியுள்ளார்கள். தொழுகை முதல் மூன்றுக்குச் சான்றாகலாம். நான்காவதற்குச் சான்று சொல்லும் தகுதி பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கே உண்டு.

டைசன் தாம் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்றே சொல்லி வந்துள்ளார். மேல்முறையீட்டிலோ தீர்ப்பு நிலைத்தது. அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்க்கும் பொறுப்பு நமக்கில்லை. அவருடைய ஈமானைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் சொல்லைப் பற்றியே சொல்கிறேன். நீதிமன்றம் ஏற்றுக் கொண்ட ஒரு பெண்ணின் முறையீட்டை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால், அந்தக் கதையில் பாதி உண்மை போய்விடுகிறது. நம் வீட்டுப் பெண்மக்களும் அக்கதையைக் கேட்டுக் கொண்டிருக்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

இனி மற்றச் சாராரின் கூற்றை நோக்குவோம். ‘தவ்பா’ என்னும் அரபுச் சொல்லுக்குத் திரும்புதல் என்பது பொருள். அடியான் அல்லாஹ்வின்பால் திரும்புவதையும், அல்லாஹ் அருளுடன் அடியான்பால் திரும்புவதையும் திருமறை ஒரே வினைச்சொல்லால் கூறுகிறது. உடன் வரும் இடைச்சொல் மட்டுமே மாறுகிறது. இருபுறமும் திரும்புதல் நிகழும் வழியில் நடுவே நின்று கதவடைக்க நாம் யார்?

மக்கா வெற்றியின்போது மக்ஸூம் குலத்துப் பெண்ணொருவர் திருடினார். உயர்குலத்தவர் என்பதால் குறைஷிகள் கலங்கி, நாயகத்தின் அன்புக்குரிய உஸாமா பின் ஜைது (ரலி) அவர்களைப் பரிந்து பேச அனுப்பினர். நாயகத்தின் திருமுகம் மாறிற்று. பெரியவர் திருடினால் விட்டுவிட்டு எளியவர் திருடினால் தண்டித்ததாலேயே முன்னோர் அழிந்தனர் என்றும், தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் தண்டனை மாறாது என்றும் அவர்கள் மக்கள் முன் எடுத்துரைத்தார்கள். இந்நிகழ்ச்சி நம் குத்பாக்களில் பலமுறை கேட்டது. இதன் பிற்பகுதியோ அரிதாகவே சொல்லப்படுகிறது. அப்பெண்ணின் தவ்பா அழகாக அமைந்தது என்றும், அவர் மணம் செய்து கொண்டார் என்றும், பின்னர் தம்மிடம் வந்து செல்வார் என்றும், அவருடைய தேவையைத் தாம் நாயகத்திடம் எடுத்துச் சொல்வதுண்டு என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தண்டனைக்கு முன் எந்தப் பரிந்துரையும் ஏற்கப்படவில்லை. தண்டனைக்குப் பின் எந்த வாசலும் அடைக்கப்படவில்லை. முன்னே கண்டிப்பு, பின்னே கனிவு என்பதே அங்கு நாம் காணும் முறை.

விளையாட்டுலகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. முஹம்மது அலீயின் வழக்கே சான்று. 1967 ஏப்ரல் 28ஆம் நாள், வியட்நாம் போருக்கான படையில் சேர அவர் மறுத்தார். வழக்கு நடந்து தீர்ப்பு வருமுன்னரே, அன்றே நியூயார்க் விளையாட்டு ஆணையம் அவருடைய உரிமத்தை நிறுத்தியது; பட்டமும் போயிற்று. ஜூனில் ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் அவர் சிறை புகவில்லை எனினும், மூன்றரை ஆண்டுகள் களம் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. அவர் நியூயார்க் ஆணையத்தின் மீது தொடுத்த வழக்கில் ஒரு செய்தி வெளிப்பட்டது. கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை உள்ளிட்ட குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அதே ஆணையம் குறைந்தது 244 முறை உரிமம் வழங்கியிருந்தது! மனிதரைக் கொல்ல மறுத்தவருக்கு மட்டும் உரிமம் இல்லை. நீதிமன்றம் அலீயின் பக்கம் தீர்ப்பளித்தது. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் மீதான தண்டனைத் தீர்ப்பையே நீக்கியது. தண்டனை பெற்றவர் எல்லாரும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

டைசனின் வரலாற்றிலும் இந்தக் கோணல் தராசைக் காணலாம். பெண்ணொருத்திக்கு இழைத்த குற்றத்துக்காகச் சிறை மீண்டவரை நெவாடா மாநிலத்து மேடை 1995இல் வரவேற்றது. 1997 ஜூனில் அதே மேடையில் அவர் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தபோது, அம்மாநில ஆணையம் இரண்டே வாரங்களுக்குள் உரிமத்தைப் பறித்து, 30 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. தன் வீட்டுக்குள் நடந்த தவற்றை அது பொறுக்கவில்லை. வெளியே நடந்ததைக் கணக்கில் கொள்ளவும் இல்லை. மக்ஸூம் குலத்தவருக்குக் குலப்பெருமை செய்ய முயன்ற பரிந்துரையை இங்கே திறமையும் டிக்கெட் வருவாயும் செய்கின்றன. அங்கே அப்பரிந்துரை தோற்றது, இங்கே வென்றுவிட்டது.

அங்ஙனமாயின் மறுவாய்ப்பை எதைக் கொண்டு அளப்பது? நம் இமாம்கள் இதையொத்த ஒரு சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். கற்புடைய பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவர்க்கு ‘அந்நூர்’ அத்தியாயம் மூன்று விளைவுகளைக் கூறுகிறது: எண்பது கசையடி, அவர்களின் சாட்சியம் ஏற்கப்படாமை, பாவிகள் என்னும் பெயர். அடுத்த வசனம் தவ்பாச் செய்து சீர்திருந்தியோருக்கு விலக்களிக்கிறது. அந்த விலக்கு எதைச் சாரும் என்பதே சிக்கல். இறுதியில் கூறப்பட்ட பாவிப் பெயரை மட்டுமே அது நீக்கும், சாட்சியம் மீளாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. சாட்சியத்தையும் மீட்டுத் தரும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. ஆயினும் வாயளவில் தவ்பாச் சொன்ன மறுநாளே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட ஷாஃபிஈ நூல்கள் இடமளிக்கவில்லை. பழி சொன்னவர் தாம் சொன்னது பொய் என வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் அவர் நடத்தையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் வகுத்த காலம் ஓராண்டு.

ஒரே ஊரில் ஹனஃபீ பள்ளியும் ஷாஃபிஈ பள்ளியும் வைத்துத் தொழும் நமக்கு இக்கருத்து வேற்றுமை புதிதன்று. ஆனால் இருவரும் ஒன்றுபடும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கசையடி முடிந்ததாலேயே சாட்சித் தகுதி திரும்பிவிடும் என்று இருவருமே கூறவில்லை. தவ்பாச் செய்தவரை என்றென்றும் பாவி என்று அழைக்கலாம் என்றும் இருவருமே கூறவில்லை. நான் முதலில் குறித்த இரு சாராரின் கூற்றும் இவ்விடத்தில் விழுந்துவிடுகின்றன.

பாகிஸ்தான் பந்து வீச்சாளர் முஹம்மது ஆமிரின் செய்தியை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் பணத்துக்காக வேண்டுமென்றே நோ பால் வீசியது அக்குற்றம். அப்போது அவருக்கு வயது 18. முதலில் மறுத்த அவர் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2011 நவம்பரில் அவருக்கு ஆறு மாதமும், மறுத்து வழக்காடிய அணித்தலைவர் சல்மான் பட்டுக்கு 30 மாதமும், ஆசிஃபுக்கு ஓராண்டும் சிறை விதிக்கப்பட்டன. ஆமிர் ஐந்தாண்டுத் தடையை ஏற்று, உள்நாட்டு ஆட்டங்களில் தொடங்கி, 2016இல் நாட்டின் அணிக்குத் திரும்பினார். அவருடன் பயிற்சி முகாமில் சேர ஹஃபீஸும் அஸ்ஹர் அலீயும் முதலில் மறுத்தனர். அம்மறுப்பைப் பலர் கடுமை என்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஏமாற்றப்பட்டோரில் உடன் ஆடுவோரும் அடங்குவர். தயங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பின்னர் அவர்களும் அவருடன் ஆடினர். ஒப்புதல், காலம், சோதனை, உரியவர்களின் இசைவு ஆகிய நான்கும் ஓரளவேனும் இங்கே கூடி வந்தன. ஆதலால் இதனைச் செம்மையான மீட்சிக்கு அண்மையானது எனலாம்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. பட்டும் ஆசிஃபும் தடை நீங்கிய பின்னும் நாட்டின் அணிக்குத் திரும்பவில்லை. அவர்களின் மறுப்பும் வயதும் அதற்குக் காரணமாகலாம். ஆமிரிடம் அந்த அரிய இடக்கைப் பந்து வீச்சு இல்லாதிருந்தால் அவருக்காகவேனும் இத்தனை பேர் பரிந்து பேசியிருப்பரா? இதே தவற்றைச் செய்த ஒரு கடைச் சிப்பந்திக்கு நாம் மீண்டும் கல்லாப் பெட்டியின் சாவியைத் தருவோமா? சாவியைத் தராவிடினும் வேலையேனும் தருவோமா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவோர்க்கே ஆட்டக்காரரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி உண்டு.

என் முடிவு இது. பிழைப்பின் வாசலையும் பள்ளியின் வாசலையும் எவருக்கும் அடைக்கலாகாது; தண்டனை முடிந்த எளியவருக்கும் அவை திறந்திருக்க வேண்டும். மேடை அத்தகையதன்று. பல்லாயிரம் சிறுவர் அண்ணாந்து பார்க்கும் இடம் அது, ஓர் அமானிதம். குற்றத்தின் தன்மையை ஆராய்ந்து, ஒப்புதலையும் காலச் சோதனையையும் கண்டு, பாதிக்கப்பட்டவரின் ஹக்கு தீர்ந்ததா என்று கேட்ட பின்னரே அதைத் திறக்கலாம். திறமையை அந்தக் கணக்கில் சேர்க்கலாகாது.

இனி நம் மேடைகளில் அந்தக் குத்துச்சண்டை வீரரின் கதையைச் சொல்வோர் தாராளமாகச் சொல்லட்டும். அவர் பள்ளிவாசலுக்கு வந்ததையும் மகிழ்வுடன் சொல்லட்டும். கூடவே, இண்டியானாபொலிஸில் நீதி கேட்டு நின்ற 18 வயதுப் பெண்ணையும் சொல்லட்டும். தவ்பாவின் நான்காம் நிபந்தனை அவளிடம் இருக்கிறது.