கி.ரா.வுக்கு வயதானபோது

தமிழில் எழுத்தாளர் என்றதும் நினைவுக்கு வரும் முகங்களுக்குப் பெரும்பாலும் நரை கிடையாது. பாரதி 38 வயதில் போனார், புதுமைப்பித்தன் 42இல், கு. அழகிரிசாமி 46இல். வறுமையும் நோயும் கொண்டுபோன உயிர்கள் இவை. நாம் அதையே இலக்கணமாக்கிக்கொண்டோம். நல்ல எழுத்து இளமைச் சூட்டில் வந்துவிட வேண்டும். அறுபதுக்கு மேல் பொன்னாடை, அணிந்துரை, வாழ்நாள் சாதனை விருது. எண்பது வயதுக்காரரின் புதுக் கதை வந்திருக்கிறது என்றால் “இன்னுமா எழுதுறார்?” என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்குக் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் பதில் இருக்கிறது. அழகிரிசாமி பிறந்த அதே ஊரில், அதே 1923இல் பிறந்தவர் கி. ராஜநாராயணன். இருவரும் இளமை முதலே தோழர்கள். எழுத்தில் அழகிரிசாமி முந்திக்கொண்டார். கி.ரா. சம்சாரியாக நிலத்தைப் பார்த்தார், விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனார், காசநோயோடு மல்லுக்கட்டினார். அவர் கதை எழுத உட்கார்ந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1970இல் நண்பர் இறந்தபோது கி.ரா. ஒரு நாவல்கூட வெளியிட்டிருக்கவில்லை. தோழர் போன வயதில் இவரும் போயிருந்தால், ‘கதவு’ மாதிரி சில அருமையான சிறுகதைகளை எழுதிய கரிசல்காட்டுக்காரர் என்று ஒரு பத்தியில் முடித்திருப்பார்கள்.

முதல் நாவல் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தபோது அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அரசு ஊழியர்கள் ஓய்வூதியம் வாங்கும் வயதில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவருக்கு இந்த நாற்காலி! ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது.

ஆண்டுகளை இப்படி அடுக்கினால் அவர் தாமதமாக வந்தார் என்பது மட்டும்தான் தெரியும். வயது அந்த எழுத்தை என்ன செய்தது என்று பார்ப்பதில்தான் ருசி.

‘கதவு’ கதையை எடுத்துக்கொள்ளலாம். கதவில் தொற்றி ஆடிப் பஸ் விளையாடும் பிள்ளைகள்; தீர்வை பாக்கிக்காக ஒருநாள் அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு வரி கூடுதல் இல்லை, ஆசிரியர் எங்கும் குறுக்கே வந்து பேசுவதும் இல்லை. சிறுகதை இலக்கணம் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. பின்னாளைய கி.ரா. இந்தக் கட்டுத்திட்டத்தைத் தெரிந்தே தளர்த்தினார். ஒரு ஆளைப் பற்றித் தொடங்குவார். நடுவில் ஒரு சொல் அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாட்டுக்கு, ஒரு சாப்பாட்டுக்கு, ஒரு சொலவடைக்குப் போய், சாவகாசமாக அந்த ஆளிடம் திரும்புவார். கதையா, கட்டுரையா, திண்ணைப் பேச்சா என்று பிரிக்க முடியாது. கேட்கிறவன் எழுந்து போகமாட்டான் என்று தெரிந்த கதைசொல்லியின் தெம்பு அது. முப்பது வயதில் யாருக்கும் வராது. சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன, மறைப்பதற்கில்லை. ஆனால் இரண்டாம் தடவை சொல்லும்போது ஒரு புது விவரம் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வயதானால் எழுத்தில் ஆன்மிகமும் அறிவுரையும் ஏறும் என்பது இன்னொரு எதிர்பார்ப்பு. கி.ரா. அறுபதுக்கு மேல் தொகுத்துத் தந்தது பாலியல் நாட்டுப்புறக் கதைகளை. தலைப்பு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’. முகம் சுளித்தவர்கள் உண்டு. ஊர்க் கிழவர்கள் காலங்காலமாகச் சொல்லிச் சிரித்த கதைகளுக்கு ஒரு கிழவரே அச்சேறும் மரியாதை வாங்கித் தந்தார் என்பதுதான் இதில் அழகு.

அவருடைய முதல் நாவலிலேயே முதுமைக்கு ராஜ சிம்மாசனம் உண்டு. நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு அம்மாள்தான் ஆந்திரத்திலிருந்து தன் குடும்பம் தப்பி ஓடிவந்த கதையைச் சொல்கிறாள். ஓடி வருகிறவர்களுக்கு ஆற்றைக் கடக்க மரம் வளைந்து பாலமாகும் அதிசயம்கூட அவள் வாயில் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. அவளை எடுத்துவிட்டால் நாவலுக்கு வேர் இல்லை.

பிற மொழிகளிலும் இந்த வகை ஆட்கள் உண்டு. இங்கிலாந்தின் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் 1977இல் வந்தபோது அவருக்கு அறுபது. இரண்டே ஆண்டில், நைபாலுக்குத்தான் என்று பலர் எதிர்பார்த்த புக்கர் பரிசு இவருக்கு வந்தது. இலக்கிய வட்டாரத்துக்கு அது வியப்பு, சிலருக்கு எரிச்சலும்கூட. அவருடைய உச்சம் என்று பலரும் கொண்டாடும் ‘நீல மலர்’ நாவலை 78 வயதில் வெளியிட்டார். 28 வயதில் இறந்த ஜெர்மானியக் கவிஞர் நோவாலிஸின் இளமைக் காதல்தான் கதை. தத்துவம் பேசும் அந்த வாலிபனின் வீட்டுக்குள் நாம் நுழைவது ஆண்டுக்கொரு முறை வரும் துணிவெளுப்பு நாளில். மாடியிலிருந்து முற்றத்தில் போர்வையும் சட்டையுமாக விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு பெரிய குடும்பத்தின் செல்வநிலையை இத்தனை சிக்கனமாகச் சொல்ல, நெடுநாள் வீட்டுப்பாரம் சுமந்த கை வேண்டும்.

கி.ரா. 2021 மே 17 அன்று புதுவையில் காலமானார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்னும் எழுதிக்கொண்டிருந்தார். ‘அண்டரெண்டப் பட்சி’யைத் தன் கையெழுத்திலேயே வாசகர்களிடம் சேர்த்தார், ‘மிச்சக் கதைகள்’ என்ற பெயரிலும் ஒரு நூல் தந்தார். இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

தீபாவளி மலர் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்பது வயது எழுத்தாளருக்கு அடுத்த முறை போன் செய்யும்போது ‘மலரும் நினைவுகள்’ கேட்காதீர்கள். புதுசாக ஒரு கதை கேளுங்கள்.