‘பஸ்ஸு போயிட்டு’: நாஞ்சில் பேச்சும் வினைநோக்கும்

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஒருவர் ‘பஸ்ஸு போயிட்டு’ என்று சொன்னால் வாக்கியம் அங்கேயே முடிந்தது. சென்னைக்காரர் காதுக்கு அது பாதியில் நிற்கும். போயிட்டு என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றும். ‘போய்விட்டது’ என்ற முற்றுதான் நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் ‘போயிட்டு’ என்று ஒலிக்கிறது. ‘மணி பத்து ஆயிட்டு’, ‘மழை வந்துட்டு’ என்பவையும் இதே வகை. செயல் நடந்தது என்பதோடு, அது முடிந்தேபோனது, இனி மாற்றுவதற்கில்லை என்பதையும் அந்த ‘ட்டு’ சொல்லிவிடுகிறது. செயல் எப்போது நடந்தது என்பது காலம். நடந்து முடிந்ததா, நீடிக்கிறதா, விளைவை விட்டுச் சென்றதா என்று பேசுகிறவர் அதைப் பார்க்கும் விதத்தை மொழியியலில் வினைநோக்கு எனலாம்.

வினைநோக்கு ஆய்வு வளர்ந்தது பெரும்பாலும் ஸ்லாவிய மொழிகளை வைத்துத்தான். பெர்னார்ட் காம்ரி 1976இல் எழுதிய, இன்றும் எல்லாரும் முதலில் எடுக்கும் நூலில் ரஷ்ய எடுத்துக்காட்டுகள் நிறைந்திருக்கின்றன. ரஷ்ய மொழியில் பெரும்பாலான வினைகள் இரட்டையாக வரும். ‘பிசால்’ என்றால் எழுதினான், அல்லது எழுதிக்கொண்டிருந்தான்; முடித்தானா என்பது தெரியாது. முன்னால் ஓர் ஒட்டுச் சேர்த்து ‘நபிசால்’ என்றால் எழுதி முடித்துவிட்டான். முடிவைச் சுட்டும் வினைக்கு நிகழ்காலமே இல்லை. நிகழ்கால விகுதி சேர்த்தால் எதிர்காலப் பொருள் வந்துவிடும். ரொமான்ஸ் மொழிகளில் இந்த வேறுபாடு முக்கியமாக இறந்தகாலத்தில் மட்டும் உண்டு. ஸ்பானியத்தில் ‘சபியா’ என்றால் தெரிந்திருந்தது, ‘சூப்பே’ என்றால் தெரியவந்தது. பல்கேரிய மொழி இரண்டு ஏற்பாடுகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

தமிழ் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. வினையெச்சத்தோடு இன்னொரு வினையைச் சேர்த்து அந்த வேலையை நடத்துகிறது. பானை உடைந்தது என்பது வெறும் செய்தி. ‘ஒடஞ்சுபோச்சு’ என்றால் இழப்பு. ‘ஒடஞ்சு கெடக்கு’ என்றால் உடைந்த நிலை இப்போதும் கண்முன் இருக்கிறது. ‘ஒடச்சுப்போட்டான்’ என்றால் செய்தவன்மேல் குறை. ‘ஒடச்சுத் தொலைச்சான்’ என்றால் பேசுகிறவருக்குப் பொறுமை போய்விட்டது. முடிவையும் நீட்சியையும் மட்டும் அளக்கும் ஐரோப்பியச் சட்டத்துக்குள் இது அடங்காது. பேசுகிறவரின் மனநிலையும் வினையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் முற்று, எச்சம் என்று நுட்பமாகப் பகுத்தாலும், துணைவினைக்குத் தனி இயல் தரவில்லை. அந்த வேலை இருபதாம் நூற்றாண்டுக்குக் காத்திருந்தது. ஹெரால்ட் ஷிஃப்மன் சிகாகோவில் 1969இல் முடித்த முனைவர் ஆய்வு தமிழின் வினைநோக்கைப் பற்றியதே. இ. அண்ணாமலையின் துணைவினை பற்றிய நூல் 1985இல் வந்தது. தாமஸ் லேமனின் 1989 இலக்கணமும் இதற்கு நல்ல இடம் கொடுத்தது. 1992இல் வெளிவந்த க்ரியா அகராதி துணைவினைப் பொருளைத் தனியாகக் குறித்தது பெரிய தொண்டு.

இவற்றையெல்லாம் படிக்கும்போது என்னை மிகவும் ஈர்ப்பது எதிர்மறைதான். ‘வந்துட்டானா?’ என்று கேட்டால் ‘வரல்ல’ என்றுதான் பதில் வரும், துணைவினை உதிர்ந்துவிடும். ‘வந்துவிடவில்லை’ என்றால் பொருளே வேறு. ஆனால் ஏவலில் கதை மாறுகிறது. ‘கதவைத் திறக்காதே’ என்பது தடை. ‘கதவைத் திறந்துவிடாதே’ என்பது எச்சரிக்கை: தவறிப்போய்த் திறந்துவிடக் கூடாது. ‘விழுந்திராதே’, ‘மறந்திராதே’ என்று நம் ஊர்ப் பாட்டிமார் பிள்ளைகளிடம் சொல்வதெல்லாம் இந்த வகை. ரஷ்யரும் தடைக்கு முடிவுசுட்டா வினையையும், அறியாமல் நேர்ந்துவிடக்கூடியதை எச்சரிக்க முடிவுசுட்டும் வினையையும் எடுக்கிறார்கள். விழுந்துவிடாதே என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘நே உபதீ’யில் வருவது முடிவுசுட்டும் வினைதான். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதை இந்தத் துறையின் தலைசிறந்த சான்றுகளில் ஒன்று என்பேன்.

ரொமான்ஸும் ஸ்லாவியமும் தமிழைச் சந்தித்த வரலாறும் உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் 1549 அளவில் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். லத்தீன் அச்சில்தான் தமிழ் வினைகளை அவர் வரிசைப்படுத்த முடிந்தது. செக் மொழி பேசிய கமில் சுவலபில் 1959 முதல் தமிழ் வட்டார வழக்குகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ரஷ்யரான மிகயீல் அந்திரோனவின் தமிழ் இலக்கணம் 1969இல் வந்தது. நம் பக்கத்திலோ, வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் தமிழின் ஒரு வட்டாரப் பேச்சை ஆராய்ந்து 1957இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அவர் முயற்சியில் திருவனந்தபுரத்தில் உருவான திராவிட மொழியியல் கழகம்தான் அண்ணாமலையின் அந்த நூலை வெளியிட்டது.

இத்தனைக்குப் பிறகும், குமரி மாவட்டத்தின் துணைவினைகள் அவற்றுக்குரிய அளவில் ஆராயப்படவில்லை என்பதே என் எண்ணம். 1956இல் தமிழகத்தோடு சேர்ந்த நான்கு தாலுகாக்களில் தோவாளையின் பேச்சு நெல்லையை ஒட்டியது. விளவங்கோட்டில் மலையாளம் அன்றாடம் கலக்கிறது. மலையாள வினையில் ஆள் விகுதி இல்லை. வந்தேன், வந்தாய், வந்தான் மூன்றுக்கும் ‘வந்நு’ ஒன்றே. அப்படிப்பட்ட மொழியோடு வீட்டிலும் சந்தையிலும் பழகும் ஒருவர் ‘விடு’, ‘கிட’, ‘கொள்’ஐ எங்கே வைக்கிறார், எங்கே விடுகிறார் என்பது உலக மொழியியலுக்கே பயன்படும் செய்தி. எழுத்தில் சான்றுக்குப் பஞ்சமில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968), தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) மூன்றிலும் மூன்று வகைப் பேச்சு பதிவாகியிருக்கிறது. ஆனால் நாவலாசிரியர் தேர்ந்தெடுத்த பேச்சு வேறு, ஒலிப்பதிவில் விழும் பேச்சு வேறு.

நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரிகளின் தமிழ்த்துறையினர் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும். மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, தாலுகா வாரியாகப் பிரித்து, துணைவினை வரும் வாக்கியங்களை மட்டும் முதலில் எடுத்து எழுதினால் போதும். ‘போயிட்டு’ என்று வாக்கியத்தை முடிக்கும் தலைமுறை இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள்.